சர்வீஸ் சாகத்தான் செய்யும், அப்புறம் என்ன?

இன்னைக்கு எபிசோடு ஆண்ட்ராய்டு ஆப் எழுதுறவங்களுக்கானது. ஆனா கோடு எழுதாதவங்களும் கொஞ்சம் பொறுமையா கேளுங்க. நடுவில் வர்ற விஷயம் ஒருத்தரோட வருமானம் சம்பந்தப்பட்டது. நாளைக்கு உங்க வீட்டுக்கு பார்சல் கொண்டு வர்றவரோட கதையாவும் அது இருக்கலாம்.

இன்பாக்ஸில் எனக்கு அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "ப்ரோ, யூசர் ஆப்பை மூடினாலும் என் சர்வீஸ் நிக்காம ஓடணும். எப்படி?" திரையில் எதுவும் தெரியாம பின்னாடி நடக்கிற வேலைக்கு ஆண்ட்ராய்டில் சர்வீஸ்னு பேர். பாட்டு ஓடுறது, லொகேஷன் அனுப்புறது, ஃபைல் ஏத்துறது எல்லாம் இந்த வகை.

என் பதிலை முதலிலேயே சொல்லிடறேன். சாகவே சாகாத சர்வீஸை உங்களால எழுத முடியாது. செத்தா விட்ட இடத்திலிருந்து எழுந்திருக்கிற சர்வீஸை எழுத முடியும். முதல் வேலைக்காக ராத்திரி பகலா உட்கார்ந்திருக்கிற நிறைய பேர் ரெண்டாவது வேலையைத் தொடவே மாட்டேங்கிறாங்க. இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப்போறோம்.

ஆண்ட்ராய்டுக்கு நம்ம மேல என்ன கோபம்?

கோபமெல்லாம் ஒண்ணும் இல்லை. ஆரம்பத்தில் இவ்வளவு கெடுபிடியும் இல்லை. எந்த ஆப்பும் ஒரு சர்வீஸைத் தொடங்கிட்டு பின்னாடி போய் உட்கார்ந்துக்கலாம். பத்து ஆப் அப்படி உட்கார்ந்தா மத்தியானத்துக்குள்ள பேட்டரி காலி. யூசர் நம்ம ஆப்பைத் திட்ட மாட்டார், "இந்த போனே சரியில்லை"ன்னு போனைத்தான் திட்டுவார்.

அதனால 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6-இல் டோஸ் மோட் வந்தது. போன் சார்ஜில் இல்லாம, அசையாம, திரை அணைஞ்சு கொஞ்ச நேரம் கிடந்தா, ஆப்களுக்கு நெட்வொர்க் கிடையாது. சாதாரண அலாரம் தள்ளிப்போகும். வேக்லாக் பிடிச்சிருந்தாலும் கண்டுக்காது. அப்பப்போ கொஞ்ச நேரம் கதவைத் திறந்து, "எல்லாரும் சேர்ந்து வேலையை முடிச்சுக்கோங்க"ன்னு விடும். அந்த இடைவெளியும் போகப்போக நீளும். அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டு 7-இல், போன் பாக்கெட்டில் நகர்ந்துக்கிட்டே இருந்தாலும் திரை அணைஞ்சிருந்தா இதோட லேசான வடிவம் வேலை செய்ய ஆரம்பிச்சது.

பெரிய அடி 2017-இல் விழுந்தது. ஆண்ட்ராய்டு 8. ஆப் பின்னாடி போய் சில நிமிஷம் ஆச்சுன்னா, அதோட சாதாரண சர்வீஸ்களை சிஸ்டமே நிறுத்திடும். தொடர்ந்து ஓடணும்னா அது ஃபோர்கிரவுண்ட் சர்வீஸா இருக்கணும். அதாவது, "நான் பின்னாடி ஓடிக்கிட்டிருக்கேன்"னு யூசர் கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு நோட்டிஃபிகேஷன் போடணும். அதையும் சர்வீஸைத் தொடங்கினதுக்கு 5 செகண்டுக்குள்ள போடலைன்னா ஆப் கிராஷ் ஆகும்.

2018-இல் வந்த 9, அடிக்கடி பயன்படுத்துற ஆப், எப்பவாவது பயன்படுத்துற ஆப்னு வகை பிரிச்சு ரேஷன் போட்டது. 2021-இல் வந்த 12, சில விதிவிலக்கு தவிர, பின்னாடி இருந்துக்கிட்டு ஃபோர்கிரவுண்ட் சர்வீஸைத் தொடங்கவே கூடாதுன்னு சொல்லிடுச்சு. 13-இல் நோட்டிஃபிகேஷன் பேனலிலிருந்தே ஓடுற ஆப்பை யூசர் நிறுத்தலாம். 14-இல் உங்க ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் எந்த வகைன்னு கட்டாயம் அறிவிக்கணும். 2024-இல் வந்த 15-க்காக எழுதுற ஆப்பில், டேட்டா சிங்க் வகை சர்வீஸுக்கு 24 மணி நேரத்தில் மொத்தம் 6 மணி நேரம்தான்.

இந்த வரிசையைப் பார்த்தா ஒண்ணு புரியும். ஒவ்வொரு வருஷமும் கயிறு இறுகிக்கிட்டேதான் வருது, ஒரு தடவைகூட தளரலை. இன்னைக்கு நீங்க கண்டுபிடிக்கிற சந்து அடுத்த வெர்ஷனில் அடைபடும்.

இது போக மெமரி இருக்கு. ஒவ்வொரு ப்ராசஸுக்கும் சிஸ்டம் ஒரு மார்க் போட்டு வெச்சிருக்கும். இந்தப் பரீட்சையில் மார்க் ஏறினா ஆபத்து. திரையில் இருக்கிற ஆப்புக்கு 0. ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் ஓடுற ஆப்புக்கு 200. சும்மா பின்னாடி கிடக்கிற ஆப்களுக்கு 900-க்கு மேல. மெமரி பத்தலைன்னா மார்க் அதிகமானவங்க முதலில் வெளியே போவாங்க. 200 பாதுகாப்பான இடம்தான், ஆனா 0 இல்லை. இதை மனசில் வெச்சுக்கோங்க, கதையில் திரும்ப வரும்.

தந்திரங்கள்

இணையத்தில் கிடைக்கிற பழைய டுடோரியல்களில் ஒரு தந்திரம் ரொம்ப பிரபலம். சர்வீஸ் சாகும்போது ஆன்-டிஸ்ட்ராய்னு ஒரு ஃபங்ஷன் வரும், அதுக்குள்ள ஒரு பிராட்காஸ்ட் அனுப்பி சர்வீஸைத் திரும்ப எழுப்புங்கன்னு சொல்வாங்க. பார்க்க அழகா இருக்கும். ஆனா மெமரிக்காக சிஸ்டம் ஒரு ப்ராசஸைக் கொல்லும்போது ஆன்-டிஸ்ட்ராயைக் கூப்பிடவே கூப்பிடாது. காலேஜில் ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பரில் சிக்னல் 9 படிச்சிருப்பீங்க. பேச வாய்ப்பே கிடையாது, ப்ராசஸ் அப்படியே காலி. கடைசி வார்த்தை சொல்ல நேரம் கிடைக்கும்னு நம்பி எழுதின கோடு, உண்மையான சாவில் ஓடாது.

இன்னொண்ணு, சத்தமே இல்லாத ஆடியோவை ஓடவிட்டு மியூசிக் ப்ளேயர் மாதிரி நடிக்கிறது. மூணாவது, ரெண்டு ப்ராசஸ் வெச்சு ஒண்ணு செத்தா இன்னொண்ணு எழுப்புறது. இதெல்லாம் கொஞ்ச நாள் ஓடும். ஆனா அந்த பேட்டரி யாரோடது? அந்த மெமரி யாரோடது? போன் வாங்கினவரோடது. நாம அங்க வாடகைக்கு இருக்கிறவங்க.

சரி, சிஸ்டமே தர்ற வழி என்ன? ஆன்-ஸ்டார்ட்-கமாண்டில் நீங்க திருப்பிக் கொடுக்கிற பதில். 'ஸ்டார்ட் ஸ்டிக்கி'ன்னா, நான் செத்தா வசதிப்படும்போது எழுப்புன்னு அர்த்தம். 'ஸ்டார்ட் நாட் ஸ்டிக்கி'ன்னா எழுப்ப வேண்டாம். 'ஸ்டார்ட் ரீடெலிவர் இன்டென்ட்'னா, எழுப்பு, கூடவே கடைசியா வந்த இன்டென்டையும் கையில் கொடு.

ஸ்டிக்கியில் ஒரு பொறி இருக்கு. சிஸ்டம் திரும்ப எழுப்பும்போது இன்டென்ட் நல்லா வரும். நல்லான்னா சிறப்பா இல்லை மக்களே, வெறுமையா வரும். பழைய தகவல் எதுவும் அதில் இருக்காது. எந்த ஆர்டர், எந்த ஷிஃப்ட், யார் லாகின் பண்ணியிருக்காங்க, எதுவும் கிடையாது. இருக்கும்னு நம்பி கோடு அதைப் படிக்கப் போனா கிராஷ். சிஸ்டம் கொஞ்ச நேரம் விட்டுத் திரும்ப எழுப்பும், திரும்ப கிராஷ். ஒவ்வொரு தடவையும் இன்னும் அதிக நேரம் காத்திருந்துதான் எழுப்பும்.

ஆஃப்லைன் யார்?

இப்போ கதைக்கு வர்றேன். சென்னையில் ஒரு டெலிவரி கம்பெனி, பேர் வேண்டாம். ரைடர்களுக்கான ஆப்பை எழுதினது வேற டீம். "லொகேஷன் விட்டு விட்டு வருது, என்னன்னு பாருங்க"ன்னு என்கிட்ட வந்தது. அவங்க டாஷ்போர்டில் ஒவ்வொரு ரைடருக்கும் ஒரு புள்ளி. லொகேஷன் 10 நிமிஷம் தொடர்ந்து வரலைன்னா பச்சைப் புள்ளி சிவப்பாகி, 'ரைடர் ஆஃப்லைன்'னு எழுதும். ஒரு ஷிஃப்டில் மூணு தடவை சிவப்பானா அன்னைக்கு இன்சென்டிவ் கிடையாது.

அதிகமா சிவப்பானவங்க பட்டியலில் முதலில் இருந்தவர் ஐம்பதை நெருங்குற ஒருத்தர். முன்னாடி ஆட்டோ ஓட்டினவர். அவர் போனை வாங்கிப் பார்க்கப் போனேன். "அண்ணே, நடுவில் ஆப்பை ஆஃப் பண்ணுவீங்களா?"ன்னு கேட்டேன். "எதுக்குத் தம்பி ஆஃப் பண்ணப்போறேன்? ஓடினாத்தானே எனக்குக் காசு?"ன்னார். அந்த வாரம் நாலு நாள் அவருக்கு இன்சென்டிவ் போயிருந்தது. அங்க இருந்த மேனேஜரோ, "எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. டீக்கடையில் உட்கார்ந்துக்கிட்டு நெட்டை ஆஃப் பண்ணிடுவாங்க"ன்னார்.

ஆண்ட்ராய்டு 11-இலிருந்து ஒரு நல்ல வசதி இருக்கு. அப்ளிகேஷன் எக்ஸிட் இன்ஃபோ. போன தடவை உங்க ப்ராசஸ் ஏன் செத்துச்சுன்னு அடுத்த தடவை ஆப் எழும்போது சிஸ்டத்தைக் கேட்கலாம். கிராஷா, மெமரி பத்தலையா, ஆப் உறைஞ்சு போச்சா, யூசர் நிறுத்தினாரா, எல்லாம் நேரத்தோட வரும். சில போன்களில் மெமரி குறைவுன்னு தெளிவா வராது, சிக்னல் 9-னு மட்டும் வரும். அதையும் சேர்த்துப் படிக்கணும். இதை ஆப்பில் சேர்த்து ஒரு வாரம் ஓடவிட்டோம்.

வந்த லாகை அந்த அண்ணனோட டெலிவரி நேரங்களோட பக்கத்தில் வெச்சுப் பார்த்தேன். சிவப்பான நேரத்தில் பெரும்பாலானது பார்சலைக் கொடுத்த நிமிஷத்தை ஒட்டியே இருந்தது. பார்சல் கொடுத்ததுக்கு ஆதாரமா போட்டோ எடுக்கணும்னு கம்பெனி விதி. ஆப்பில் பட்டனை அழுத்தினா போனோட கேமரா திறக்கும். அவர் போன் 3 ஜிபி. கேமரா வந்ததும் மெமரி பத்தாம, 200 மார்க்கில் உட்கார்ந்திருந்த ரைடர் ஆப் வெளியே போயிடுது. கொஞ்ச நேரத்தில் சிஸ்டம் சர்வீஸைத் திரும்ப எழுப்புது. வெறும் இன்டென்டோட. கோடு அதிலிருந்து ஷிஃப்ட் நம்பரைப் படிக்கப் போகுது. கிராஷ். திரும்ப எழுப்புது, கிராஷ். அதுக்குள்ள அவர் போட்டோவை அனுப்பிட்டு அடுத்த தெருவில் வண்டி ஓட்டிக்கிட்டிருப்பார்.

சுருக்கமா சொன்னா, வேலையை ஒழுங்கா முடிச்சதுக்கு ஆதாரம் கொடுக்கப்போய்தான் அவர் வேலை செய்யலைன்னு டாஷ்போர்டில் பதிவாச்சு.

ரெண்டாவது காரணமும் இருந்தது. போன் ஸ்லோவா இருக்குன்னு சமீபத்திய ஆப் பட்டியலைத் திறந்து எல்லாத்தையும் மொத்தமா தள்ளிவிடுற பழக்கம் நம்ம ஊரில் பலருக்கு உண்டு. தூய ஆண்ட்ராய்டில் அப்படித் தள்ளினாலும் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் தொடரும். ஆனா கம்பெனிகள் தங்கள் ரசனைக்கு மாத்தின சில போன்களில் அது ஃபோர்ஸ் ஸ்டாப் மாதிரி. ஃபோர்ஸ் ஸ்டாப் ஆச்சுன்னா ஆப்புக்கு அலாரம் வராது, புஷ் வராது, போட்டு வெச்ச வேலைகள் எதுவும் ஓடாது. யூசரே ஐகானைத் தொட்டுத் திறக்கணும். இதை எந்தக் கோடாலும் தாண்ட முடியாது. தாண்டவும் கூடாதுன்னு நான் நினைக்கிறேன். 'நிறுத்து'ன்னு சொன்னா நிக்கணும்.

கேட் ரெஜிஸ்டர்

சரி, எப்படிச் சரி பண்ணோம்? அப்பார்ட்மென்ட் கேட்டில் வாட்ச்மேன் வெச்சிருக்கிற ரெஜிஸ்டரை யோசிங்க. ராத்திரி ஷிஃப்ட் ஆள் போய் காலை ஆள் வருவார். ரெண்டு பேரும் பார்த்துக்காமலே போகலாம். ஆனா யார் வந்தாங்க, எந்த வண்டி உள்ளே இருக்குன்னு எல்லாம் ரெஜிஸ்டரில் இருக்கும். வாட்ச்மேன் தன் ஞாபகத்தில் மட்டும் வெச்சிருந்தா, அவரோடயே அது போயிடும்.

நம்ம சர்வீஸும் அப்படித்தான். முதல் மாற்றம், முக்கியமான எதையும் மெமரியிலோ இன்டென்டிலோ மட்டும் வெச்சுக்கிறதில்லை. ஷிஃப்ட் தொடங்கினா அந்த நிமிஷமே போனில் உள்ள டேட்டாபேஸில் எழுதணும். லொகேஷன் வந்தா முதலில் எழுதணும், அப்புறம் சர்வருக்கு அனுப்பணும், சர்வர் 'வந்தது'ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் அழிக்கணும். எழும்போது சர்வீஸ் கேட்கிற முதல் கேள்வி, "ஷிஃப்ட் நடந்துக்கிட்டிருக்கா?" பதில் டேட்டாபேஸில் இருந்து வரும். இல்லைன்னா தானே நின்னுக்கும். இன்டென்ட் வெறுமையா வந்தாலும் கவலையில்லை.

ஒரே தகவல் ரெண்டு தடவை போகவும் வாய்ப்பு உண்டு. அனுப்பின அடுத்த நொடி ப்ராசஸ் செத்தா, அழிக்க நேரம் இருந்திருக்காது. அதனால ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி அடையாளம் கொடுத்து, அதே அடையாளம் திரும்ப வந்தா சர்வர் விட்டுடணும்.

ரெண்டாவது மாற்றம், எழுப்புறதுக்கு ஒரே வழியை நம்பாம நாலு வழி. ஒண்ணு, ஸ்டிக்கி. ரெண்டு, கேமராவிலிருந்து திரும்பி வந்து ஆப் திரை தெரியும்போதெல்லாம் ஒரு சரிபார்ப்பு. அப்போ ஆப் முன்னாடி இருக்கு, சர்வீஸைத் தொடங்கத் தடையே இல்லை. மூணு, வொர்க்மேனேஜர். 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கும். அதுக்குக் குறைவா வைக்க முடியாது, டோஸ் மோடில் தள்ளியும் போகலாம். தன் பட்டியலை அது டேட்டாபேஸில் வெச்சிருக்கிறதால போன் ரீஸ்டார்ட் ஆனாலும் வேலை தொலையாது. தேங்கின லொகேஷன்களை நெட் வந்ததும் அனுப்புறதுக்கும் இதுதான் சரியான ஆள். ஆனா இது பின்னாடி இருந்து ஓடுறதால ஆண்ட்ராய்டு 12-க்கு மேல லொகேஷன் சர்வீஸை நேரடியா தொடங்காது. "லொகேஷன் நின்னிருக்கு, தொட்டுத் தொடருங்க"ன்னு நோட்டிஃபிகேஷன் போடும். ரைடர் தொட்டா ஓடும். நாலு, புது ஆர்டர் வரும்போது அனுப்புற அதிமுக்கிய புஷ். பின்னாடி இருந்து ஃபோர்கிரவுண்ட் சர்வீஸைத் தொடங்க ஆண்ட்ராய்டு தர்ற விதிவிலக்குகளில் அது ஒண்ணு. கண்ணுக்குத் தெரியற நோட்டிஃபிகேஷன் வராம அதை வீணடிச்சா, சாதாரண புஷ்ஷா தரம் இறக்கிடுவாங்க. அப்படித் தொடங்கின சர்வீஸுக்கு லொகேஷன் கிடைக்கணும்னா 'எப்போதும் அனுமதி'யும் தேவை.

கேமரா விஷயத்துக்கு, போனோட கேமராவைத் திறக்காம ஆப்புக்குள்ளயே போட்டோ எடுக்கிற மாதிரி மாத்தினோம். ஆப் திரையிலேயே இருக்கும், மார்க் 0. அந்த ஒரு மாற்றத்திலேயே அந்த அண்ணனோட சிவப்புப் புள்ளிகளில் பெரும்பகுதி போயிடுச்சு.

மூணாவது மாற்றம்தான் கஷ்டமா இருந்தது. அது கோடு இல்லை, ஒரு வார்த்தை. 'ரைடர் ஆஃப்லைன்'ங்கிறதை 'தகவல் வரவில்லை'ன்னு மாத்தணும்னு சொன்னேன். மேனேஜர், "ரெண்டும் ஒண்ணுதானே?"ன்னு கேட்டார். ஒண்ணு இல்லை. நம்ம சர்வருக்குத் தெரிஞ்சது ஒரே விஷயம்தான், 10 நிமிஷமா எதுவும் வரலை. அதுக்குக் காரணம் ரைடரா, போனா, நெட்டா, நம்ம கோடான்னு அதுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி திரையில் எழுதிட்டு, அதை வெச்சுக் காசு பிடிக்கிறது நியாயம் இல்லை. லாகைக் காட்டினதும் அவர் கொஞ்ச நேரம் எதுவும் பேசலை. அப்புறம் வார்த்தை மாறிச்சு. தாமதமா வந்த லொகேஷன்களைச் சேர்த்து, நாள் முடிவில்தான் கணக்கு பார்க்கணும்னு விதியும் மாறிச்சு.

ஏற்கனவே பிடிச்ச காசு? லாக் ஓடின வாரத்துக்கு மட்டும் திரும்பக் கொடுத்தாங்க. அதுக்கு முன்னாடி போனதுக்கு ஆதாரம் இல்லைன்னுட்டாங்க. அந்த அண்ணன் அதைக் கேட்டுட்டு, "இனிமே வராது இல்ல தம்பி, அது போதும்"னார். எனக்கு அது போதும்னு தோணலை. எக்ஸிட் லாகை முதல் நாளே ஆப்பில் வையுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றதுக்கு இதுதான் காரணம்.

நீங்களே கொன்னு பாருங்க

கடைசியா, இந்த வார வீட்டுப்பாடம். உங்க ஆப்போட டெஸ்ட் வெர்ஷனில் ஒரு பட்டன் வையுங்க. அழுத்தினா ஆப் தன்னோட ப்ராசஸைத் தானே கொன்னுக்கணும். கில் ப்ராசஸ், ஒரு வரி. அந்த பட்டனை எல்லா நேரத்திலும் அழுத்திப் பாருங்க. ஃபைல் பாதி ஏறும்போது, ஷிஃப்ட் தொடங்கின அடுத்த நொடியில், நெட் இல்லாதப்போ. ஒவ்வொரு தடவையும் சர்வரில் கணக்கு சரியா வருதான்னு பாருங்க. ஏடிபி மூலமா டோஸ் மோடைக் கட்டாயமா வரவெச்சு ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்க. ஃபோர்ஸ் ஸ்டாப் பண்ணிட்டு, யூசர் திரும்பத் திறக்கும்போது நடந்ததை ஆப் நேர்மையா சொல்லுதான்னு பாருங்க. இதையெல்லாம் உங்க 12 ஜிபி போனில் மட்டும் பண்ணாதீங்க. வீட்டில் யாரோ மாத்தி வெச்ச பழைய 3 ஜிபி போன் டிராயரில் கிடக்கும். அதை எடுத்து சார்ஜ் போடுங்க.

அந்த பட்டனை அழுத்தினதில் உங்க ஆப்பில் முதலில் என்ன உடைஞ்சதுன்னு எனக்கு எழுதுங்க, சுவாரசியமானதை அடுத்த எபிசோடில் பேசலாம். அடுத்த வாரம் இதே விஷயம் ஐபோனில் எப்படின்னு பார்ப்போம். அங்க கயிறு இன்னும் கொஞ்சம் இறுக்கம்.